கலியமூர்த்தியின் வலது கை

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்கள் எல்லோரும் நல்லேந்தலைக் கடந்துதான் போயிருக்கிறார்கள், ஆனால் கடந்ததாக ஒருவருக்கும் நினைவிருக்காது, ஏனென்றால் நாலுவழிச் சாலையில் அந்த ஊர் ஒரு கொட்டாவி விடும் நேரத்துக்குள் வந்து போய்விடும். அந்தக் கொட்டாவி நேரத்துக்குள்தான் நல்லேந்தல்காரர்கள் பிறந்து, படித்து, மாடு கறந்து, கல்யாணம் கட்டி, சண்டை போட்டு, செத்தும் போகிறார்கள். சாலை வந்தபோது ஊரை வாழைப்பழம் நறுக்குவதுபோல் இரண்டாக நறுக்கிவிட்டுப் போனது. வீடுகளும் மாரியம்மன் கோயிலும் ரேஷன் கடையும் கிழக்கே நின்றன, கழனியும் பால் சொசைட்டியும் மேல்நிலைப் பள்ளியும் சுடுகாடும் மேற்கே போய்விட்டன. ஆக, பால் ஊற்றுவதற்கும் பாடம் படிப்பதற்கும் களை எடுப்பதற்கும், எல்லாம் முடிந்து எரிவதற்கும்கூட, நல்லேந்தல்காரன் அந்தச் சாலையைக் கடந்தாக வேண்டும்.

முறையாகக் கடக்க வேண்டுமானால் வெயிலில் தெற்கே வெகுதூரம் நடந்து, மேம்பாலத்துக்கு அடியில் புகுந்து, மறுபடியும் வடக்கே அதே தூரம் நடந்து வர வேண்டும். பால் கேனைத் தூக்கிக்கொண்டு எவன் நடப்பான்? ஊர்க்காரர்கள் நடுத்தடுப்பின் இரும்பு வேலியை ஓர் ஆள் நுழையும் அளவுக்குப் பெயர்த்து வழி வைத்தார்கள், நெடுஞ்சாலை ஆட்கள் வந்து வெல்டிங் வைத்து அடைத்தார்கள், அவர்கள் வண்டி கண்ணுக்கு மறைவதற்குள் ஊர்க்காரர்கள் மறுபடி பெயர்த்தார்கள், இப்படியே இரண்டு பக்கமும் சளைக்காமல் பல வருஷம் ஓடிற்று. வழி கிடைத்ததே தவிர வண்டிகள் நிற்கவில்லை. வண்டிகளை நிறுத்த அவர்களிடம் இருந்தது கை ஒன்றுதான்.

கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே சாலையில் இறங்குவது நம் நாட்டில் எல்லோரும் செய்வதுதான், ஆனால் நல்லேந்தல்காரர்கள் அதை ஒரு கலையாகவே வைத்திருந்தார்கள். தோள் உயரத்துக்குத் தூக்க வேண்டும், உள்ளங்கை வண்டியைப் பார்க்க வேண்டும், விரல்கள் விறைப்பாக இருக்கக் கூடாது, முகத்தில் கெஞ்சலும் இருக்கக் கூடாது, அதட்டலும் இருக்கக் கூடாது. பெண்கள் தலையில் புல்லுக்கட்டோடு, வாயில் பேச்சோடு, வண்டி வரும் திசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டிக்கொண்டு போவார்கள். பிள்ளைகள் அ, ஆ எழுதுவதற்கு முன்பே கை தூக்கப் பழகின. அப்படித் தூக்கியும் செத்தவர்கள் நிறையப் பேர். சாவுகள் சேரச் சேர அதிகாரிகள் அந்த இடத்தைக் கரும்புள்ளி என்று அறிவித்தார்கள், அறிவித்தபிறகும் சிலர் செத்து அதை உறுதி செய்தார்கள், கடைசியில் சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்ட உத்தரவாகி, வெள்ளைச் சுண்ணாம்பில் கோடும் போட்டாகிவிட்டது. அந்தக் கோடு காய்வதற்குள் கலியமூர்த்தி செத்துப்போனான்.

அவன் இரண்டு கறவை மாடு வைத்திருந்தான். விடிந்ததும் இடது கையில் பால் கேனும் தூக்கிய வலது கையுமாகச் சொசைட்டிக்குப் போகும்போது வெள்ளைக் கார் ஒன்று வந்து அடித்தது. பால் சாலையில் அகலமாக ஓடிற்று. கார்க்காரன் நின்றான், இறங்கினான், தலையில் கை வைத்துக்கொண்டு அழவும் செய்தான். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம். பெரியாஸ்பத்திரியிலிருந்து உடம்பைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது அதில் வலது கை இல்லை. முழங்கைக்குக் கீழே காணோம். ஊர் ஆண்கள் பள்ளத்திலும் முட்புதரிலும் அரளிச் செடி அடியிலும் நாள் முழுக்கத் தேடினார்கள். கை அங்கெல்லாம் இல்லை, ஏனென்றால் அது தூக்கிய இடத்திலேயே இருந்தது.

மறுநாள் காலையில் பால் ஊற்றப் போனவர்கள் அதைப் பார்த்தார்கள். சாலையின் நடுவில், வெள்ளைக் கோட்டுக்குச் சற்று மேலே, தோள் உயரத்தில், ஒன்றிலும் ஒட்டாமல், உள்ளங்கையை வண்டிகளுக்குக் காட்டியபடி நின்றது. டீக்கடை ஜெயபால் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கலியமூர்த்தி கைதான்யா, வேற யாரு கை இவ்ளோ காப்பு காய்ச்சிருக்கும்" என்றான். கலியமூர்த்தியின் மனைவி அஞ்சலாட்சியைக் கூப்பிட்டு வந்தார்கள். மாடு உதைத்து வளைந்துபோன சுண்டுவிரலையும், மணிக்கட்டில் தான் கட்டிவிட்ட கறுப்புக் கயிற்றையும் அவள் பார்த்தாள், பிறகு அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கை கதகதப்பாக இருந்தது.

"எறங்கி வா மாமா" என்று இழுத்துப் பார்த்தாள். அது வரவில்லை.

கையில்லாமலேயே அன்று மதியம் உடம்பை எடுத்தார்கள். நல்லேந்தலில் சவ ஊர்வலம் சாலையைக் கடப்பது பெரிய பாடு. பத்துப் பதினைந்து இளவட்டங்கள் முன்னால் ஓடித் துண்டை ஆட்டி, திட்டு வாங்கி, திட்டி, வண்டிகளை மறிக்க வேண்டும், அப்படியும் ஒருமுறை பாடையையே பஸ் உரசிக்கொண்டு போயிருக்கிறது. அன்று துண்டை அவிழ்க்க வேண்டிய வேலையே இல்லை. கடைசிக் குலுக்கலோடு லாரிகளும் கார்களும் சொகுசு பஸ்களும் அந்தக் கைக்கு முன்னால் வரிசையாக நின்றன. ஏன் நின்றோம் என்று ஓட்டுநர்களுக்கே தெரியவில்லை, கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று என்று பிற்பாடு சொன்னார்கள். பறைச் சத்தமும் வெடிச் சத்தமும் பூவுமாகக் கலியமூர்த்தி, தன் கையே வண்டிகளை நிறுத்தி வைத்திருக்க, அந்தக் கையைத் தாண்டிச் சுடுகாட்டுக்குப் போனான்.

கொஞ்ச நாள் பயந்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள். எதற்குத்தான் நாம் பழகவில்லை? முதலில் ஆடு மேய்ப்பவர்கள் ஆடுகளை அந்தக் கையோரமாக ஓட்டிப்போனார்கள், பிறகு பள்ளிப் பிள்ளைகள் போனார்கள், பிறகு கண் தெரியாத கிழவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டே நிதானமாகப் போனார்கள், கர்ப்பிணிகள் நடுச்சாலையில் நின்று இளைப்பாறினார்கள், சாலைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் பெண்ணும் இந்தப் பக்கமிருந்து போகும் பெண்ணும் கைக்குக் கீழே நின்று நாத்தனார் வீட்டு வம்பைப் பேசி முடித்தபிறகுதான் வண்டிகள் நகர முடிந்தது. ஒரு கோழிகூடச் சாகவில்லை. ஊருக்கு வந்த மருமகள்கள் அந்தக் கையைத் தொட்டுக் கும்பிட்டார்கள், ஜெயபால் தன் டீக்கடைக்குக் கைகாட்டி டீ ஸ்டால் என்று பெயர் எழுதினான். போகப் போக யாரும் தங்கள் கையைத் தூக்குவதில்லை என்றாயிற்று. பிறகு இரண்டு பக்கமும் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். தலை குனிந்து செல்போனைப் பார்த்தபடி ஊரே சாலையைக் கடந்தது, அந்த ஊர் செய்த தப்பு அதுதான்.

அஞ்சலாட்சி மட்டும் அந்தக் கையை ஊர்க் கையாகப் பார்க்கவில்லை. தினமும் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது நடுச்சாலையில் நின்று, நல்லெண்ணெய் தொட்டு விரல் விரலாக நீவிவிட்டாள். கருமாதி செய்ய வந்தவர் கருமாதி செய்யாமலே போய்விட்டிருந்தார். ஓர் அங்கம் இங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆளை எப்படி அனுப்புவது, அந்தக் கை இறங்கித் தீயில் சேர்ந்தால்தான் அவனுக்குப் போக வழி என்று சொல்லியிருந்தார். செத்தும் அந்த மனுஷனுக்கு ஓய்வு இல்லையே என்று நினைத்து அவள் அடிக்கடி அழுதாள். அழுகை முடிந்ததும் மகள் நினைவு வரும். கோபிகா அப்போது ஆறாவது படித்தாள், காலையும் மாலையும் அந்தச் சாலையைத்தான் கடந்தாள். கை இறங்கினால் புருஷனுக்கு விடுதலை, இறங்காவிட்டால் மகளுக்கு உயிர். இந்த இரண்டுக்கும் நடுவில் அஞ்சலாட்சிக்கு இருந்த ஒரே நம்பிக்கை அந்தச் சுண்ணாம்புக் கோடு. சுரங்கப்பாதையைத் தோண்டிவிட்டால் கையும் இறங்கலாம், பிள்ளையும் நடக்கலாம்.

கோடு மழையில் கரைந்தது. மறுபடி போட யாரும் வரவில்லை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் அஞ்சலாட்சி மனுவோடு வரிசையில் நின்று அதிகாரியைப் பார்த்தாள்.

அவர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "நல்லேந்தலாம்மா? அது இப்ப கரும்புள்ளியே இல்லம்மா. சாவு நின்னுபோச்சு. உங்க சுரங்கப்பாதைய வேற ஊருக்குக் குடுத்தாச்சு."

"சாவு நிக்கலீங்க. எங்க ஊட்டுக்காரரு கைய வச்சு நிறுத்தி வச்சிருக்காரு."

"எப்படியோ நின்னுதா இல்லியா?"

"அவரு கை எவ்ளோ நாளைக்கிங்க தாங்கும்? ஒரு நாளு எறங்கிப்புட்டா?"

"எறங்கட்டும்மா. எறங்கி நாலு பேரு போனா தானா மறுபடி கரும்புள்ளி ஆயிடும், அப்ப வா, நானே முன்ன நின்னு வாங்கித் தரேன்" என்றார் அவர், ஆறுதலாகத்தான் சொன்னார்.

அந்த வருஷம் மாநிலத்தில் சாலைச் சாவுகள் குறைந்துவிட்டன என்று பெரிய மேடையில் அறிவித்தார்கள். ஹெல்மெட்டைக் காரணம் சொன்னார்கள், கேமராக்களைச் சொன்னார்கள், பள்ளிகளில் நடத்திய பேச்சுப்போட்டியைச் சொன்னார்கள், கலியமூர்த்தியின் கையைச் சொல்லவில்லை. ஆனால் கீழ்மட்டத்தில் விஷயம் தெரிந்திருந்தது. போலீஸ்காரர்கள் வந்து பார்த்து, இருட்டில் தெரியட்டும் என்று மணிக்கட்டில் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டினார்கள். அடுத்து, நில் என்று எழுதிய தகரப் பலகையை விரல்களில் மாட்டினார்கள். பலகை செய்து கொடுத்தது ஒரு நகைக்கடை, ஆகையால் நில் என்பது மேலே சின்னதாகவும், சிரிக்கும் மணப்பெண்ணும் செய்கூலி சேதாரம் இல்லை என்பதும் கீழே பெரிதாகவும் இருந்தன. நகைக்கடையைப் பார்த்து ஜவுளிக்கடை வந்தது, ஜவுளிக்கடையைப் பார்த்து ஓர் இன்ஜினியரிங் கல்லூரி வந்தது. ஊராட்சித் தலைவர் வீரபத்திரன் தன் படம் போட்டு, உங்கள் உயிர் எங்கள் பொறுப்பு என்று ஒரு பலகை மாட்டினார். கடைசியில் தூரத்திலிருந்து பார்த்தால் கை தெரியவில்லை, பலகைகள் மட்டுமே அந்தரத்தில் தொங்கின.

ஐந்து வருஷம் கழித்து, முதல் நடுக்கத்தை அஞ்சலாட்சிதான் கண்டுபிடித்தாள். எண்ணெய் தேய்க்கும்போது மணிக்கட்டு நரம்பு துடித்தது, கல்யாணமான புதிதில் நாளெல்லாம் மண்வெட்டி பிடித்துவிட்டு வந்து அவள் மடியில் கையைப் போட்டுக்கொண்டு தூங்குவானே, அப்போது துடித்த அதே துடிப்பு. பிறகு பார்த்தால் கை தோள் உயரத்தில் இல்லை, மார் உயரத்துக்கு வந்திருந்தது. அவள் நேரே தலைவர் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, அந்தப் பலகைங்களயாவது எடுக்கச் சொல்லுங்க. அவருக்குக் கை வலிக்குது."

வீரபத்திரன் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல், "செத்த கைக்கு என்னா தங்கச்சி வலி" என்றார்.

"நீட்டிப் பாருங்க. நீங்க உங்க கைய நீட்டி, இந்த மணியிலேர்ந்து அடுத்த மணி அடிக்கிற வரைக்கும் அப்பிடியே வச்சிருந்து பாருங்க. அப்பறம் சொல்லுங்க வலிக்குதா இல்லியான்னு."

ஊர்க் கூட்டம் போட்டார்கள். அஞ்சலாட்சி கும்பிட்டுக் கேட்டாள், நாமெல்லாம் மறுபடி கை தூக்கிப் பழகலாம், இரண்டு பக்கமும் பார்த்துப் போகலாம், எல்லோரும் சேர்ந்து சாலையில் உட்கார்ந்து சுரங்கப்பாதையைக் கேட்கலாம், அவரை விட்டுவிடுங்கள் என்றாள். ஜெயபால்தான் முதலில் எழுந்தான்.

"யக்கா, நீ சொல்றது நாயந்தான். ஆனா எம் புள்ளைங்களுக்குக் கை தூக்கவே தெரியாது. பொறந்ததுலேர்ந்து மாமன் கைய நம்பியே வளந்துட்டுதுங்க. இப்ப எறக்குனா நாளைக்கே ரெண்டு போவும். உம் பொண்ணுந்தான் போவுது வருது, அத நெனச்சியா?"

அவள் அதை நினைக்காத நேரம் ஏது? உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் முடிவெடுத்தது: வாழைக்குக் கொடுப்பதுபோல் கைக்கும் முட்டுக் கொடுப்பது. கவை உள்ள சவுக்குக் கொம்பு ஒன்றை வெட்டி வந்து, தார்ச் சாலையில் துளை போட்டு நட்டு, மணிக்கட்டைக் கவையில் தூக்கி வைத்தார்கள். கொம்புக்கும் ஒரு பலகை மாட்டினார்கள்.

அஞ்சலாட்சி ஒருநாள் பட்டப்பகலில் போய் எல்லாப் பலகைகளையும் கழற்றிப் பள்ளத்தில் வீசினாள். சாயங்காலமே போலீஸ் ஜீப் வந்தது, பொதுச்சொத்து என்று சொன்னார்கள், இனிமேல் செய்தால் வழக்கு என்றார்கள், பெண்பிள்ளை ஒன்றை வைத்துக்கொண்டு உனக்கு எதற்கும்மா இந்த வேலை என்றார்கள். பலகைகள் மறுபடி ஏறின. இதற்குள் வண்டிக்காரர்களுக்கும் பழகிவிட்டிருந்தது. அந்த வழியாகத் தினம் போகிறவர்கள் பிரேக்கைத் தேய்ப்பதோடு சரி, முழுக்க நிற்பதில்லை. உயரமான லாரிகளில் இருப்பவர்களுக்குத் தாழ்ந்துபோன கை கண்ணிலேயே படவில்லை. மற்றவர்களுக்கு அது வழியெல்லாம் நிற்கிற ஆயிரம் விளம்பரங்களில் ஒன்று. ஒன்றிரண்டு ஆடுகள் செத்தன. ஆடு என்றால் அப்படித்தான், அதுகளுக்கு என்ன தெரியும் என்றார்கள். அதற்குப் பிறகு அஞ்சலாட்சி காலையும் மாலையும் பள்ளி நேரத்துக்குத் தவறாமல் போய்க் கைக்குப் பக்கத்தில் நின்றாள், தன் உள்ளங்கையை அதற்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். மகள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபிறகுதான் விட்டாள்.

கோபிகாவுக்கு இது வெட்கமாக இருந்தது. "எல்லாரும் கேலி பண்றாளுங்கம்மா. நீ என்னாத்துக்கு ரோட்டுல நின்னு அத்தப் புடிச்சிக்கினு இருக்க?"

"அது இதுங்கிற? உங்கப்பன்டி."

"அப்பான்னா ஊட்டுக்குக் கூட்டிக்கினு வா."

அஞ்சலாட்சி மகளைப் பார்த்தாள். திட்டத் தோன்றவில்லை. "நீ மறுபடி கை தூக்கிப் போவக் கத்துக்கோ பாப்பா, அப்பறம் கூட்டிக்கினு வரேன்" என்றாள். அன்றிலிருந்து வாசலில் மகளை நிறுத்திப் பழக்கினாள், தோள் உயரம், உள்ளங்கை வெளியே, விரலைத் தளர்த்து, கெஞ்சாதே, அதட்டாதே என்று. கோபிகா சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். அவள் கை அப்பன் கையைப்போல நீளம்.

ஆயுத பூஜை வந்தது. நல்லேந்தலில் டிராக்டருக்கும் பைக்குக்கும் கதிர் அறுக்கும் மிஷினுக்கும் பூஜை போட்ட கையோடு, ஊரையே காக்கிற கைக்குப் போடாமல் இருக்கலாமா என்று கிளம்பினார்கள். ஆளுயர சாமந்தி மாலை, ரோஜா மாலை, எலுமிச்சை மாலை என்று கொம்பு கிறீச்சிடும் அளவுக்குச் சாத்தினார்கள். மணிக்கட்டில் சந்தனமும் குங்குமமும் அப்பினார்கள். பிறகு திருஷ்டி கழிய வேண்டுமே. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு பூசணிக்காயைக் குங்குமம் வைத்துச் சுற்றிச் சாலையிலேயே போட்டு உடைத்தார்கள், விபத்தே நடக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு உடைத்தார்கள். தார் முழுக்கப் பூசணிச் சதையும் விதையும் வழுவழுவென்று சிதறிக் கிடந்தன. யாராவது அள்ளுவார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள், ஆகவே யாரும் அள்ளவில்லை. அஞ்சலாட்சி விளக்குமாற்றோடு போய்ப் பெருக்கத் தொடங்கியபோது, திருஷ்டி கழித்ததைப் பெருக்கினால் அது வீட்டுக்கே திரும்பும் என்று பெண்கள் அவளைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்கள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று சாயங்காலம் பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. கோபிகா தோழியோடு ஏதோ சொல்லிச் சிரித்தபடி கும்பலின் நடுவில் வந்தாள். அஞ்சலாட்சி கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். கை ஜில்லென்று இருந்தது. அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கொம்பு முறிந்தது, மாலைகளும் பலகைகளும் கையுமாக எல்லாம் அவள் காலடியில் பூசணிச் சதையில் விழுந்தன. வடக்கேயிருந்து ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கும் பழக்கமே அவர்களுக்கு இல்லை. கோபிகா கையைத் தூக்கியிருப்பாளா என்று பார்க்கக்கூட அஞ்சலாட்சிக்கு நேரமில்லை, அவள் பஸ்ஸை நோக்கி ஓடித் தன் வலது கையைத் தூக்கினாள், தோள் உயரத்துக்கு, உள்ளங்கையைக் காட்டி. பஸ்காரர் பிரேக் போட்டார், பாவம், முழு பலத்தோடு போட்டார். சக்கரம் பூசணிச் சதையில் வழுக்கியது. பஸ் பிள்ளைகள் இருந்த பக்கம் போகாமல் ஒருக்களித்து வந்து அவள்மேல் நின்றது.

பிள்ளைகளில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. கோபிகா சாலையில் உட்கார்ந்து போட்ட சத்தம் சுடுகாடு வரைக்கும் கேட்டது.

கலியமூர்த்தியின் கையை எடுத்துக் கழுவி, சந்தனத்தைத் துடைத்து, அஞ்சலாட்சியின் மார்மேல் வைத்து ஒரே துணியில் சுற்றினார்கள். அவள் உடம்பிலும் முழங்கைக்குக் கீழே வலது கை இல்லை, அதை யாரும் தேடவுமில்லை. ஊர்வலம் கிளம்பியபோது இளவட்டங்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாவகாசமாக நடந்து வந்தார்கள். வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. கண்ணாடி வளையலைக் கழற்றிய தடம் இன்னும் வெளுப்பாகத் தெரிய, நல்லெண்ணெய் மணத்தோடு, அவள் கை தோள் உயரத்தில் நின்றது. கருமாதிக்காரர் கலியமூர்த்திக்கு மட்டும் செய்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை தலைவர் வீரபத்திரனே கோபிகாவைக் கூட்டிக்கொண்டு அதிகாரியிடம் போனார். அதிகாரி உண்மையாகவே வருத்தப்பட்டார். கோபிகாவுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "ஒரு சாவு பத்தாதேய்யா. அதுவும் இப்ப மறுபடி நின்னுபோச்சுன்னு வேற ரிப்போர்ட் வந்திருக்கு" என்றார்.

அந்த வாரமே சாலையில் விழுந்து கிடந்த பலகைகளைப் பொறுக்கி, நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தி, அஞ்சலாட்சியின் விரல்களில் மாட்டினார்கள். கோபிகா பள்ளிக்குப் போக நின்றவள் அதைப் பார்த்தாள். வீரபத்திரன் அந்தக் கையை அசைத்துப் பார்த்தார், முழங்கை வரைக்கும் தட்டிப் பார்த்தார், ஜெயபாலிடம், "பொம்பள கைன்னு நெனச்சன்யா. களை எடுத்த கை, நல்லா திடமா இருக்குது. பத்து வருசம் தாங்கும்" என்றார்.

"அதுக்கப்பறம்?" என்றான் ஜெயபால்.

பிள்ளைகள் வழக்கம்போல் தலை குனிந்து கடந்து போனார்கள். கோபிகா மட்டும் அவர்களோடு போகாமல், கொஞ்சம் தள்ளி வந்து, இரண்டு பக்கமும் பார்த்து, அம்மா பழக்கிய மாதிரியே தன் வலது கையைத் தூக்கிக்கொண்டு சாலையில் இறங்கினாள். தோள் உயரம், உள்ளங்கை வெளியே, கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. எதிரே வந்த கார் ஒன்று நின்றது. பாதி தூரம் போனவள் ஏனோ திரும்பினாள். வீரபத்திரனும் ஜெயபாலும் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், சந்தையில் நல்ல கன்றுக்குட்டியைப் பார்க்கிறவர்கள்போல, அதன் நீளத்தையும் பருமனையும் கண்ணால் அளந்தபடி.

கோபிகா கையைச் சட்டென்று இறக்கித் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கையைத் தூக்குவதே இல்லை. காலையும் மாலையும், இரண்டு கையையும் மாரோடு கட்டிக்கொண்டு, அந்தச் சாலையை ஓடித்தான் கடக்கிறாள்.